ஆகாயம் காலி, மாடிக்குப் பூட்டு

ராக்கெட் கிளம்ப இன்னும் எட்டு நிமிடம் இருந்தபோது, ஜெனரல் மேனேஜர் காலி மேடத்தின் காதருகே குனிந்து, "அந்த 217, 218 என்னாச்சு மேடம்?" என்று கேட்டார்.

கேட்பதற்கு நல்ல நேரம்தான் பார்த்தார். அலுவலக கேன்டீனில் மேசைகளையெல்லாம் ஓரம்கட்டி, நாற்காலிகளை வரிசையாகப் போட்டு, சுவரில் பெரிய திரை கட்டியிருந்தார்கள். திரையில் ஏவுதளம் தெரிந்தது. கம்பெனி சேர்மன் மஞ்சள் ஹெல்மெட் போட்டுக்கொண்டு கையசைத்தார். அவர் நின்ற கண்ணாடி அறைக்கும் ராக்கெட்டுக்கும் நடுவே ஏழு கிலோமீட்டர். மேலேயிருந்து ஏதாவது விழுந்தால் அந்த ஹெல்மெட் காப்பாற்றும் என்று அவருக்கு யார் சொன்னார்களோ தெரியாது.

"முயற்சியில இருக்கு சார்."

"ரெண்டு மாசமா இதையேதான் சொல்றீங்க."

"ரெண்டு மாசமா முயற்சியிலதான் சார் இருக்கு."

அவளுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் வேறு. கம்பெனி கொடுத்த பதவி, அலைக்கற்றை விடுவிப்புப் பிரிவின் துணை மேலாளர். அத்தனை நீளத்தை இழுக்க யாருக்கும் மூச்சில்லை. ஊர் ஊராகப் போய், "இந்த அலைவரிசையைக் காலி பண்ணுங்க, காலி பண்ணுங்க" என்று சொல்வதுதான் வேலை என்பதால் காலி மேடம் ஆகிவிட்டாள். நாற்பத்தாறு வயதில் ஒரு பட்டம் கிடைத்ததே என்று அவளும் சண்டைக்குப் போகவில்லை.

விஷயம் சிக்கலானது இல்லை. டிவி சேனல்கள் செயற்கைக்கோளிலிருந்து கீழே இறங்கி வருவதற்கு ரேடியோ அலைகளில் ஓர் அகலமான பாதை உண்டு. பல வருடமாக அந்தப் பாதை முழுவதும் கால் நீட்டிப் படுத்திருந்தது காலி மேடத்தின் கம்பெனி. செல்போன் கம்பெனிகளுக்கு அந்தப் பாதையின் கீழ்ப்பாதி மேல் கண். அரசாங்கம் கூப்பிட்டு, "நீங்க மேல்பாதிக்குள்ள ஒடுங்கிக்கங்க, கீழ்ப்பாதியை விட்டுடுங்க" என்றது. எங்கள் பழைய செயற்கைக்கோளுக்கு ஒடுங்கத் தெரியாது, புதிது வேண்டும் என்றது கம்பெனி. அதற்கென்ன, செலவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள் செல்போன்காரர்கள். பஸ்ஸில் போகிறவர் பூனை வீடியோவை நடுவில் நிற்காமல் பார்க்க வேண்டும் என்பதற்காக, ஒரு யானை எடையுள்ள இயந்திரத்தை முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர் உயரத்துக்குத் தூக்கி வைப்பது என்று பெரிய மனிதர்கள் கூடி முடிவெடுத்தார்கள்.

மேலே தூக்கி வைப்பது ராக்கெட்டின் பாடு. கீழே இருப்பது காலி மேடத்தின் பாடு. சேனல்காரர்களின் டிஷ் ஒவ்வொன்றின் வாயிலும் ஒரு ஃபில்டர் பொருத்த வேண்டும். செங்கல் நீளத்துக்கு, கையில் கனக்கும் உலோகத் துண்டு. செல்போன் அலைகள் உள்ளே புகாமல் அது தடுக்கும். இல்லாவிட்டால் பாட்டுக் கேட்பவன் காதருகே லாரி ஹாரன் அடித்த கதைதான். பதிவேட்டில் இருந்தது முந்நூற்று நாற்பது டிஷ். முந்நூற்று முப்பத்தெட்டுக்கு ஃபில்டர் போட்டாகிவிட்டது. மலை உச்சியில், தீவில், மாட்டுப் பண்ணையின் கூரையில் இருந்ததற்கெல்லாம் போட்டாகிவிட்டது. மிச்சம் 217, 218. பதிவான டிஷ் ஒன்று பாக்கி இருந்தாலும் அலைக்கற்றை காலி என்று சான்றிதழ் தர மாட்டோம் என்று அரசாங்கம் எழுத்தில் கொடுத்திருந்தது.

திரையில் எண்ணிக்கை சைபரைத் தொட்டது. நெருப்பு, புகை, பிறகுதான் சத்தம். கேன்டீனே எழுந்து நின்று கைதட்டியது. ஜெனரல் மேனேஜர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இம்மியும் பிசகாமல், குறித்த நொடியில், குறித்த கோணத்தில் போய்க்கொண்டிருந்தது ராக்கெட். காலி மேடமும் தட்டினாள். 217, 218 இருந்த மாடி அவள் பிறந்து வளர்ந்த வீட்டின் மாடி. அதற்குச் சொந்தக்காரர்கள் அவளுடைய இரண்டு அண்ணன்கள்.

அந்த வீட்டிலிருந்துதான் அவர்கள் ஒரு சின்ன டிவி சேனல் நடத்தினார்கள். பெரிய அண்ணன் செய்தி வாசிப்பார். சின்ன அண்ணன் உள்ளே உட்கார்ந்து பொத்தான்களை அழுத்துவார். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. நான்கு வருடத்துக்கு முன்பு பெரிய அண்ணனுக்கு ஐம்பது வயது நிறைந்தது. நேயர்களுக்கு ஐந்து நிமிடம் நன்றி சொல்கிறேன் என்று நேரலையில் உட்கார்ந்தார். முப்பத்தெட்டாவது நிமிடத்தில் அவர் ஆறாம் வகுப்புக்குத்தான் வந்து சேர்ந்திருந்தார். சின்ன அண்ணன் பொறுத்துப் பார்த்தார். பிறகு ஒரு பொத்தானை அழுத்தினார். நேயர்கள் வீட்டில் தலைச்சாய விளம்பரம் ஓடியது.

இது தெரியாமல் பெரிய அண்ணன் இன்னும் இருபது நிமிடம் பேசினார். தெரிந்தபோது அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அன்றைக்கு நிறுத்தியவர்தான், தம்பியோடு பேச்சே இல்லை.

வழக்கறிஞர்கள் வந்தார்கள். வந்தவர்கள் சும்மா போவார்களா? ஸ்டூடியோவும் மாடிப்படியும் மூத்தவருக்கு, மொட்டை மாடியும் அதன் மேலுள்ள டிஷ்ஷும் இளையவருக்கு என்று பாகம் பிரித்தார்கள். படிக்கட்டின் அடியில் கிரில் கேட் போட்டுப் பூட்டினார் பெரியவர். படிக்கட்டின் உச்சியில் இருந்த கதவைப் பூட்டினார் சின்னவர். கேட் சாவி ஒருவரிடம், கதவுச் சாவி இன்னொருவரிடம். அதாவது, இரண்டு பேரும் மாடிக்குப் போக முடியாதபடி சட்டப்படி ஏற்பாடு செய்துகொண்டார்கள். சேனல் இன்டர்நெட் வழியாக ஓடியது. தன் வயரிலிருந்து டிஷ்ஷுக்குப் போன மின்சாரத்தைப் பெரியவர் பிடுங்கிப் போட்டார். இருந்தாலும் உரிமை போய்விடக் கூடாதே என்று ஆளுக்கொரு பக்கம் வருடா வருடம் அந்த டிஷ்ஷின் பதிவைப் புதுப்பித்தார்கள். அதனால்தான் ஒரே டிஷ்ஷுக்கு 217 என்றும் 218 என்றும் இரண்டு எண்.

காலி மேடம் இதையெல்லாம் அலுவலகத்தில் மூச்சுவிடவில்லை. அந்தச் சண்டையில் இரண்டு பக்கமும் போய் ஏச்சு வாங்கி, சலித்து, மூன்று வருடமாக அவள் அந்தத் தெருப் பக்கமே போகவில்லை.

செயற்கைக்கோள் தன் இடத்துக்குப் போய்ச் சேர்ந்து, எல்லாப் பரிசோதனையிலும் தேறியது. அலைகளை மாற்றும் நாள் குறிக்கப்பட்டது. வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணி. அதற்குப் பத்து நாள் இருக்கும்போது ஜெனரல் மேனேஜர் அவளைக் கூப்பிட்டு இரண்டு காகிதங்களைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார்.

"மேடம், இது 217-ஓட முகவரி. இது நீங்க வேலைக்குச் சேர்ந்தப்ப கொடுத்த நிரந்தர முகவரி. கதவு எண்கூட ஒண்ணா இருக்கே?"

"எங்க அண்ணனுங்க வீடு சார்."

ஜெனரல் மேனேஜரின் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. "இதை முன்னாடியே சொல்லக் கூடாதா? சொந்த அண்ணனுங்கன்னா அஞ்சு நிமிஷ வேலை!"

அவர் வீட்டுக்கு ஒரே பிள்ளை என்பது காலி மேடத்துக்குத் தெரியும்.

மறுநாள் காலை போனாள். பெரிய அண்ணன் பத்து மணிச் செய்திக்குத் தயாராக இருந்தார். மேலே கோட்டும் டையும். மேசைக்குக் கீழே அரைக்கால் சட்டை. முகத்தில் பவுடர் திட்டுத் திட்டாக.

"வா பாப்பா. வழி மறக்காம வந்துட்டியே" என்றார். நாற்பத்தாறு வயதானாலும் அந்த வீட்டில் அவள் பாப்பாதான்.

"ஒரு வேலையா வந்தேண்ணா."

"அதானே பார்த்தேன். சும்மாவா வருவே."

அவள் ஃபில்டரைப் பற்றிச் சொன்னாள். அரை மணி நேரம் போதும், ஒரு பைசா செலவில்லை, கேட்டைத் திறந்தால் போதும் என்றாள்.

"தாராளமா திறக்கிறேன். அவன் வந்து கேட்கட்டும். வாயைத் திறந்து 'அண்ணா, கேட்டைத் திற'ன்னு கேட்கட்டும்."

"கேட்டா திறந்துடுவியா?"

"யோசிப்பேன்."

சின்ன அண்ணன் இரண்டு தெரு தள்ளி ஸ்பீக்கர், மைக் வாடகைக்கு விடும் கடை வைத்திருந்தார். சுற்றிலும் ஆளுயர ஸ்பீக்கர்கள். நடுவில் அவர், யாரோடும் பேசாமல் வயர்களைச் சால்டரிங் வைத்து ஒட்டிக்கொண்டிருந்தார்.

"நான் போய்க் கேட்கணுமா? எதுக்கு? நான் என்ன தப்பு பண்ணினேன்? நாற்பது நிமிஷம் ஊரே கொட்டாவி விட்டுச்சு. நான் ஊரைக் காப்பாத்தினேன்."

"சரி, இப்ப என்னதான் வேணும் உனக்கு?"

"ஊரறியப் பேச்சை நிறுத்தினார்ல? ஊரறிய டிவில மன்னிப்புக் கேட்கட்டும். நேரலையில. நாற்பது நிமிஷம் வேண்டாம், நாற்பது செகண்டு போதும்."

"அவர் நாற்பது செகண்டுல எதையாவது முடிச்சிருக்காராண்ணா?"

சின்ன அண்ணனுக்குச் சிரிப்பு வந்தது. உடனே சால்டரிங் வேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

ஒரு வாரம் காலி மேடம் இங்கேயும் அங்கேயும் நடந்தாள். ஒருவர் ஒரு படி இறங்கினால் மற்றவர் இரண்டு படி ஏறினார். கேட் சாவியைத் தபாலில் அனுப்புகிறேன் என்றார் பெரியவர். பதிவுத் தபாலில் வந்தால்தான் வாங்குவேன் என்றார் சின்னவர். பதிவுத் தபாலில் அனுப்பினால் கையெழுத்துப் போட்டு வாங்கியதற்கு ஆதாரம் ஆகிவிடும் என்று இரண்டு வழக்கறிஞர்களும் தடுத்தார்கள். இதற்கிடையில் செயற்கைக்கோளில் இருந்து நாள்தோறும் அறிக்கை வந்தது. எல்லாம் சரி, எல்லாம் சரி, எல்லாம் சரி.

புதன்கிழமை மத்தியானம் வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பியவளைப் பெரிய அண்ணி சமையலறைப் பக்கம் இழுத்தாள். அண்ணிமார் இருவருக்கும் எந்தச் சண்டையும் இல்லை. இந்த நான்கு வருடமும் வாரம் தவறாமல் சேர்ந்து கடைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். புருஷர்களுக்கு அது தெரியாது. அவர்களும் கேட்கவில்லை.

"இவங்க ரெண்டு பேரும் வழிவிடுவாங்கன்னு காத்திருந்தே, உங்க ராக்கெட் திரும்பி வந்துடும்" என்றாள் அண்ணி. "பக்கத்து வீட்டுப் பல் டாக்டர் மாடிக்கும் நம்ம மாடிக்கும் நடுவுல ஒரே ஒரு சுவர். நெஞ்சு உயரம்தான். நான் டாக்டர்கிட்ட பேசிட்டேன்."

"சின்ன அண்ணன் ஏன் அந்த வழியா போகல?"

"என் மாடிக்கு நான் சுவரேறிக் குதிக்கணுமான்னு ரோஷம். உன் பெரிய அண்ணன் ஏன் போகலைன்னு கேளேன்? அவரால ஏற முடியாது." அண்ணி குரலைத் தாழ்த்தினாள். "இன்னொண்ணு சொல்றேன் பாப்பா. அன்னைக்கு விளம்பரம் ஓட ஆரம்பிச்சப்புறம் இருபது நிமிஷம் பேசினார் பாரு, அது முழுக்க தம்பியைப் பத்தித்தான். இந்தச் சேனலைத் தூக்கி நிறுத்தினவனே அவன்தான்னு. நான் கேமராவுக்குப் பின்னாடி நின்னு கேட்டேன். அழுதுட்டார்."

"அதை அவன்கிட்ட சொல்ல வேண்டியதுதானே அண்ணி?"

"சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டார். உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு வாங்கல."

வியாழக்கிழமை காலை பத்து மணிக்குக் காலி மேடம் பல் மருத்துவமனையின் மாடியில் நின்றாள். கூடவே ஏணி. அவர் கம்பெனியின் மூத்த டெக்னீஷியன். இருபத்தைந்து வருடமாக டிஷ் ஏறுகிறவர். ஆறடி நாலங்குலம் என்பதால் அந்தப் பெயர். அவர் ஒரு காலைத் தூக்கி வைத்தார், சுவருக்கு அந்தப் பக்கம் போய்விட்டார். அவள் ஸ்டூல் போட்டு, முட்டி உரசி, மூச்சு வாங்கி, ஒரு வழியாக இறங்கினாள்.

ஆகாயத்தின் விடுதலையையே நிறுத்தி வைத்திருந்த 217, 218 அங்கே நின்றது. நான்கு வருடக் காற்றில் அது மெல்ல மெல்லத் திரும்பி, இப்போது பல் டாக்டரின் தண்ணீர்த் தொட்டியைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தது. வாயில் காக்கைக் கூடு. குச்சி கிடைக்காத காக்கை, சின்ன அண்ணன் விட்டுப்போன வயர் துண்டுகளையெல்லாம் பொறுக்கிக் கட்டியிருந்தது. குஞ்சுகள் எப்போதோ பறந்து போயிருந்தன.

ஏணி சுற்றி வந்து பார்த்தார். "மேடம், இது எந்த சேட்டிலைட்டையும் பார்க்கல. கரண்டும் இல்ல. இதுல ஃபில்டர் போட்டாலும் ஒண்ணுதான், போடலைன்னாலும் ஒண்ணுதான்."

"பதிவேட்டுல இருக்கே."

"அது சரி" என்றார் ஏணி. கூட்டை அலுங்காமல் எடுத்து ஓரமாக வைத்துவிட்டு ஸ்பேனரை எடுத்தார்.

நான்கு போல்ட்டும் துருவேறிக் கல்லாகியிருந்தன. எண்ணெய் விட்டு, தட்டி, கெஞ்சி, ஃபில்டரைப் பொருத்த அரை மணி ஆனது. காலி மேடம் ஜெனரல் மேனேஜரை போனில் கூப்பிட்டுச் சொன்னாள். அவர் துள்ளிக் குதித்தார். பிறகு நின்றார்.

"ரெண்டு ஃபில்டரும் போட்டாச்சா?"

"ஒரு டிஷ்தான் சார் இருக்கு. ஒரு வாய்தான் இருக்கு."

"பதிவு ரெண்டு இருக்கே மேடம்! ஃபோட்டோவுல ரெண்டு ஃபில்டர் இருக்கணும். இல்லேன்னா அரசாங்க ஆபீஸ்ல கேள்வி கேட்பாங்க."

ஏணி இரண்டாவது ஃபில்டரை எடுத்து டிஷ்ஷின் காலில் கம்பி வைத்து இறுக்கிக் கட்டினார். எண் தெரியும்படி திருப்பியும் வைத்தார். உலகத்திலேயே காலில் ஃபில்டர் போட்ட டிஷ் அது ஒன்றாகத்தான் இருக்கும். காலி மேடம் ஃபோட்டோ எடுத்தாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் கீழே பெரிய அண்ணன் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தார். மாடியின் நிழல் தெருவில் விழுந்திருந்தது. அந்த நிழலில் ஆறடி நாலங்குலத்துக்கு ஓர் ஆள் நடமாடினார். "எவன்டா அது என் வீட்டு மாடியில!" என்று கத்திக்கொண்டு ஓடினார். வழக்கறிஞர் சொன்னதெல்லாம் மறந்துபோய் கிரில் கேட்டைத் தானே திறந்து படியேறினார். உச்சிக்குப் போய்க் கதவைத் தள்ளினார். கதவு பூட்டியிருந்தது.

பெரிய அண்ணி உடனே சின்ன அண்ணிக்கு போன் போட்டிருக்கிறாள். சின்ன அண்ணி கடைக்குப் போன் போட்டு, உங்க மாடியில யாரோ திருடன் என்று சொல்லியிருக்கிறாள். நல்ல குடும்பத்துப் பெண்கள் பொய் சொல்வதென்றால் அளவோடு சொல்வார்கள். சின்ன அண்ணன் சாவியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். நான்கு வருடமாகப் பூட்டியிருந்த கேட் திறந்து கிடந்தது. நாலே தாவலில் மேலே போனார். அங்கே அண்ணன் வழியை அடைத்துக்கொண்டு கதவைக் குத்திக்கொண்டிருந்தார்.

கதவுக்கு இந்தப் பக்கம் காலி மேடமும் ஏணியும் அசையாமல் நின்று கேட்டார்கள். மூச்சு வாங்குவது மட்டும் கேட்டது.

"நகரு."

"எதுக்கு?"

"பூட்டைத் திறக்கணும்."

"இது என் படி."

"அது என் கதவு."

"சரி, திற. திறந்து தொலை. உள்ள திருடன் இருக்கான்."

"நீ இப்படிக் குறுக்க நின்னா நான் எப்படித் திறக்கிறது? வயித்தை உள்ள இழு."

கதவு திறந்தது. இரண்டு அண்ணன்களும் ஒரே சமயத்தில் நுழையப் பார்த்து நிலையில் சிக்கி, பிறகு ஒருவர் பின் ஒருவராக வெளியே வந்தார்கள். திருடனைப் பார்த்தார்கள்.

"பாப்பா! சொந்த வீட்டுல சுவரேறிக் குதிக்கிறியா நீ?" என்றார் பெரியவர்.

"கேட்டா சாவி கொடுத்திருக்க மாட்டோமா?" என்றார் சின்னவர்.

"அதானே! என்னமோ நாம கல்நெஞ்சக்காரங்க மாதிரி!"

"அக்கம்பக்கத்துல பார்த்தா நம்மளைப் பத்தி என்ன நினைப்பாங்க?"

நான்கு வருடத்தில் அவர்கள் ஒத்துப்போன முதல் விஷயம் இது. காலி மேடம் எட்டு நாளாகப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவள். இப்போது அதை விட்டாள்.

"வாயை மூடுங்க ரெண்டு பேரும்! அங்க ஒரு யானையை முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர் மேல கொண்டுபோய் நிறுத்தியாச்சு. இங்க முப்பது படி ஏற உங்களால முடியல. ஊருக்கே செய்தி சொல்றவர் தம்பிகிட்ட ஒரு செய்தி சொல்லல. நீ அந்தப் பொத்தானை அழுத்தினப்புறம் இருபது நிமிஷம் அவர் உன்னைப் பத்தித்தான் பேசினார், தெரியுமா? சேனலைத் தூக்கி நிறுத்தினதே என் தம்பிதான்னு அழுதிருக்கார். தலைச்சாயம் ஓடிட்டு இருந்துச்சு!"

பெரிய அண்ணன் கழுத்து டையைச் சரிசெய்ய ஆரம்பித்தார். அது சரியாகத்தான் இருந்தது. சின்ன அண்ணன் குனிந்து, ஓரமாக இருந்த காக்கைக் கூட்டிலிருந்து தன் வயர் துண்டுகளை ஒவ்வொன்றாக உருவினார்.

"நான் எப்படி நம்புறது?" என்றார் கடைசியில். "ஒளிபரப்பாகலையே."

"ஒளிபரப்பாகாம பண்ணினது யாரு?" என்றார் பெரியவர்.

"ஆறாங்கிளாஸ்ல இருந்து ஆரம்பிச்சா யாருதான் பண்ண மாட்டாங்க? என்னைப் பத்தின பேச்சை முதல்ல வெச்சிருக்கலாம்ல? தலைப்புச் செய்தியை முதல்ல சொல்லணும்னு உனக்குத் தெரியாதா?"

பெரியவர் பதில் சொல்ல வாயெடுத்தார். அப்போதுதான் சின்னவர் நிமிர்ந்து டிஷ்ஷைப் பார்த்தார். அது தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்தார். அவருடைய முகம் மாறிவிட்டது. பெற்ற பிள்ளை பரீட்சையில் சைபர் வாங்கி வந்ததைப் பார்த்த முகம்.

"இதென்ன இப்படி நிக்குது? ஸ்பேனர் கொடுங்க" என்று ஏணியிடம் கை நீட்டினார். "கரண்டு வேணும்."

அவர் யாரிடம் கேட்டார் என்று சொல்லவில்லை. பெரிய அண்ணன் படி வழியாகக் கீழே போனார். இரண்டு நிமிடத்தில் மாடியின் ஓரத்திலிருந்த சின்ன அறையில் பச்சை விளக்கு எரிந்தது. திரும்பி வந்து, யாரும் சொல்லாமலே அந்த அறையில் இருந்த சிக்னல் மீட்டரின் முன்னால் உட்கார்ந்தார். வெளியே சின்னவர் டிஷ்ஷை நகர்த்த நகர்த்த, உள்ளிருந்து எண் சொல்லத் தொடங்கினார். அவருக்குத் தெரிந்தது ஒரே குரல்தான். அந்தக் குரலிலேயே சொன்னார்.

"சிக்னல் பன்னிரண்டு. பன்னிரண்டிலேயே நீடிக்கிறது. சற்று முன் கிடைத்த தகவலின்படி, பத்தொன்பது. மீண்டும் பதினேழாகச் சரிந்தது."

"எந்தப் பக்கம் சரிஞ்சுது? வலது பக்கம் திருப்பினப்பவா?"

"இதுகுறித்து அதிகாரப்பூர்வமான தகவல் எதுவும் இல்லை."

சின்ன அண்ணன் டிஷ்ஷின் பின்னால் தலையை மறைத்துக்கொண்டு குலுங்கினார். ஏணி முகத்தைத் திருப்பிக்கொண்டு ஆகாயத்தைப் பார்த்தார். காலி மேடத்துக்குக் கண் கரித்தது. எண்ணெய் பட்ட கையால் தேய்த்ததால் இருக்கும் என்று எல்லோரும் நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டாள். ஒரு மணி நேரத்தில் எழுபத்தெட்டு வந்தது. புதிய செயற்கைக்கோள் அனுப்பிய சோதனைப் படம் மாடி அறைத் திரையில் பளிச்சென்று விழுந்தது. இன்டர்நெட்டில் அடிக்கொரு தரம் வாய் திறந்தபடி உறைந்து நிற்கும் பெரிய அண்ணன், அதைப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு" என்று யாரிடமோ சொன்னார்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குப் பழைய அலைகள் அணைந்தன, புதிய அலைகள் வந்தன. சான்றிதழ் கிடைத்தது. சேர்மன் விழா மேடையில், இந்த முறை ஹெல்மெட் இல்லாமல், "முந்நூற்று நாற்பது உரிமையாளர்களும் நாட்டுக்காக மகிழ்ச்சியோடு விட்டுக்கொடுத்தார்கள்" என்று பேசினார். விடுதலையான அலைகளை என்ன செய்யப் போகிறார்கள் என்று காட்ட, செல்போன் கம்பெனிக்காரர்கள் மேடையிலேயே ஒரு வீடியோ ஓட்டினார்கள். பூனைதான்.

பத்து நாள் கழித்து ஜெனரல் மேனேஜர் காலி மேடத்தைக் கூப்பிட்டார். சிடுசிடுவென்று இருந்தார். மேசையில் ஒரு புகார் மனு.

"உங்க பேர்ல புகார் வந்திருக்கு மேடம். நான் மெமோ கொடுக்க வேண்டியிருக்கும். படிச்சுப் பாருங்க."

அவள் படித்தாள். செய்தி வாசிப்பு நடையில் ஆரம்பித்த கடிதம், பாதியில் டெக்னிக்கல் கையேடு மாதிரி ஆகி, மறுபடியும் செய்தியாக முடிந்திருந்தது. 'தங்கள் நிறுவனத்தின் பெண் அதிகாரி ஒருவர் எங்கள் வீட்டின் சுற்றுச்சுவரைத் தாண்டி, எங்கள் மாடியில் அத்துமீறி நுழைந்து, எங்கள் டிஷ்ஷின் காலில் தேவையற்ற உலோகப் பொருளைக் கட்டிவிட்டுச் சென்றுள்ளார். துரு பிடிப்பதற்கு முன் அதை அகற்ற வேண்டும். அகற்ற வரும்போது அவர் வாசல் வழியாக வர வேண்டும், சாப்பாட்டு நேரத்துக்கு வர வேண்டும் என்று கண்டிப்புடன் கேட்டுக்கொள்கிறோம்.' கீழே இரண்டு கையெழுத்து. ஒன்று பெரியதாக, வளைந்து வளைந்து, முக்கால் வரி நீளத்துக்கு. இன்னொன்று மிச்சம் இருந்த இடத்தில் நெருக்கியடித்துக்கொண்டு.

நான்கு வருடமாக இரண்டு வழக்கறிஞர்கள் அனுப்பிய அத்தனை காகிதத்திலும் 'என் படி', 'என் மாடி' என்றே இருந்தது. அவள் இரண்டாம் முறையாகப் படித்தாள்.

"இதுக்கு என்ன விளக்கம் கொடுக்கப் போறீங்க?"

"எல்லாம் உண்மைதான் சார். ஒப்புக்கிறேன்."

"மேடம், மெமோ வாங்கப் போறவங்க யாரும் இப்படிச் சிரிக்க மாட்டாங்க."

"மன்னிச்சிடுங்க சார்" என்றாள் காலி மேடம். "இதோட ஒரு நகல் எனக்குக் கிடைக்குமா?"